சின்ன வார்த்தைக்குப் பயந்தவர்

எங்கள் ஜீப் டிரைவருக்குக் கரடியிடம் பயம் கிடையாது. பிரேக் சரியாகப் பிடிக்காத ஜீப்பை மழையில் மலையிறக்கவும் பயம் கிடையாது. மாவட்டத்திலிருந்து சோதனைக்கு வரும் பெரிய டாக்டரைப் பார்த்தும் அவர் பயந்ததில்லை. அவர் பயந்ததெல்லாம் சின்னச் சின்ன வார்த்தைகளுக்குத்தான்.

“பெரிய வார்த்தை பொறந்த ஊர்லயே நின்னுடும், சிஸ்டர். இந்தச் சின்ன வார்த்தைங்க கீதே, அதுங்கதான் எல்லா ஊருக்கும் பூந்துடும். ஊருக்கு ஒரு வேசம் கட்டும்” என்பார்.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலைக்கு நர்ஸாக வேலைக்குப் போனபோது எனக்கு இருபத்து மூன்று வயது. சொந்த ஊர் கணியம்பாடி. மலைமேல் பஸ் நின்ற இடத்துக்கு ஜீப்பைக் கொண்டுவந்து, என் தகரப் பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தவர் அவர். ஐம்பதை நெருங்கிய வயது. ஒல்லியான உயரம், காக்கிச் சட்டை. பேசுகிறவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பாமல் வலது காதைத் திருப்புவார். முதலில் காது மந்தம் என்றுதான் நினைத்தேன். அப்படியில்லை. அவர் அளவுக்குக் கூர்மையாகக் கேட்ட ஒருவரை நான் அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

முதல் நாளே டீக்கடையில் ஒரு கதை சொன்னார். லாரி ஓட்டிய காலத்தில் கல்கத்தாவுக்கு லோடு ஏற்றிப் போனாராம். வழியில் காய்ச்சல் கண்டு, ஒரு கடை வாசலில் கயிற்றுக் கட்டிலில் அரை நினைவோடு கிடந்தாராம். யாரோ ஒரு பெரியவர் தலைமாட்டில் குனிந்து நின்று, மெதுவாக, ‘சா... சா...’ என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

“நல்ல மனுசன், சிஸ்டர். மூஞ்சில அவ்ளோ கருணை. ஆனா செத்துப்போன்னு சொல்றான். நானும் சரி, பெரியவரு சொல்றாரு, செத்துடலாம்னு கண்ணை மூடிக்கினேன்.”

பெரியவர் கையில் ஆவி பறக்கும் மண்குவளை இருந்ததை அவர் கவனிக்கவில்லை. அந்த ஊரில் சா என்றால் டீ.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “சிரிக்காதீங்க. நான் கண்ணை மூடிக்கினது நெசம். எங்கியோ உள்ள இறங்கிப் போயினே இருந்தேன். அவரு வாயில ஊத்தலன்னா வந்திருக்க மாட்டேன்.”

இப்படி ஒரு மூட்டை வார்த்தைகள் அவரிடம் இருந்தன. நமக்கு மா என்றால் மாவும் மாங்காயும். தெலுங்குக்காரருக்கு அது ‘எங்களுடையது’. வடக்கே போனால் அம்மா. கன்னடத்தில் ‘பா’ என்றால் வா. ஒவ்வொன்றையும் அவர் சொல்லும்போது, பாம்பின் பெயரைச் சொல்கிறவர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மலைச்சாலையில் மொட்டைப்பாறை வளைவு என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் செங்குத்தாகப் பாறை. மறு பக்கம், எப்போதோ சரிந்த மண்ணும் உருண்ட கற்களும் கிடக்கும் சரிவு, மேலே உண்ணிச்செடி மண்டியிருக்கும். ஏறினாலும் இறங்கினாலும் அங்கே ஜீப்பை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்துவிடுவார். ஒரு நிமிடம். சில நாள் இரண்டு நிமிடம். ஸ்டியரிங்கில் கை வைத்தபடி வலது காதைச் சரிவுப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருப்பார். பின் வண்டியை எடுப்பார். அவசர கேஸ் உள்ளே இருந்தால் மட்டும் அணைக்க மாட்டார். வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டிக்கொண்டு கடப்பார். என்ஜின் சூடாகிவிடும், அதனால் நிறுத்துகிறார் என்று எங்கள் சுகாதார நிலைய டாக்டர் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான்.

அடிவாரத்தில் படவேடு போகும் வழியில் கல் உடைக்க வந்திருந்த தெலுங்குக் குடும்பங்கள் கூடாரம் போட்டிருந்தன. அதில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்து, குழந்தை குறுக்கே நின்றிருந்தது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அவளுடைய மாமியார் கூடாரத்தை விட்டு அசைய மறுத்தாள். இடம் போதாது என்று நினைக்கிறாள் போல என்று எண்ணி, நான் ஜீப்பின் பின்பக்கத்தைக் காட்டி, “வண்டி காலிம்மா, காலிதான், ஏறுங்க” என்றேன்.

அவள் மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள்.

டிரைவர் என் பக்கத்தில் வந்து, “அந்த வார்த்தைய இன்னொரு வாட்டி சொல்லாதீங்க” என்றார். பிறகு தெலுங்கில் அவளிடம் ஏதோ நிதானமாகப் பேசினார். தானே பின்னால் ஏறி உட்கார்ந்து காட்டினார். அப்புறம்தான் ஏறினார்கள். பெண்ணும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது.

திரும்பும்போது சொன்னார். “அவங்க பாஷையில காலின்னா காத்து. பிள்ளத்தாச்சிகிட்டப் போயி காத்துன்னா வெறும் காத்தா? காத்து கருப்பு. வண்டியில அது உட்கார்ந்துகினு கீது, வந்து ஏறுன்னு சொல்லியிருக்கீங்க.”

“ஐயோ, வண்டி காலியாத்தானே இருந்துச்சு!”

அவர் கியரை மாற்றினார். கொஞ்ச தூரம் போனதும், தலைக்கு மேலிருந்த கண்ணாடியைத் திருப்பிப் பின்னிருக்கையை ஒரு முறை பார்த்துக்கொண்டார். நானும் திரும்பிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அவர் மீது எனக்கு மரியாதை வந்த நாள் ஒன்று உண்டு. உள்ளே தள்ளி இருந்த ஒரு சிற்றூரில் ஒரு கர்ப்பிணியைப் பார்க்கப் போயிருந்தோம். ஜீப்பில் போட்டிருந்த குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணத்தைக் கண்டாலே அப்போதெல்லாம் மலை ஜனங்கள் ஒளிந்துகொள்வார்கள். ஆபரேஷனுக்குப் பிடித்துப் போய்விடுவோம் என்ற பயம். அவள் வீட்டு வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருந்த மாமனார் எழுந்து நின்று, “வூட்ல இல்லீங்க நர்ஸம்மா. அம்மா வூட்டுக்குப் போய்ட்டுது” என்றார்.

நான் நோட்டில் எழுதிக்கொண்டு திரும்பினேன். டிரைவர் நகரவில்லை.

“இல்லின்னா எங்க நின்னு பார்த்துட்டு இல்லின்ற?” என்று அவரைக் கேட்டார்.

“இன்னாபா கேக்கிற? இல்லின்னா இல்லிதான்.”

“பார்த்துட்டுச் சொல்றியா, சொல்லச் சொன்னதச் சொல்றியா?”

மாமனார் குனிந்து சாமையைக் கிளற ஆரம்பித்தார். டிரைவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குள் போனார். சாமைக் கொல்லையின் கோடியில், காவலுக்குப் போட்ட சின்னக் குடிசை. அங்கே நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். உள்ளே அவள் கிடந்தாள். குழந்தை பிறந்து இரண்டு நாளாகியிருந்தது. காய்ச்சலில் உடம்பு அடுப்பாய்க் கொதித்தது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் தாயில்லை.

அவளையும் குழந்தையையும் கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஏறும்போது, வழக்கம்போல மொட்டைப்பாறை வளைவில் ஜீப்பை அணைத்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு செம்போத்து கத்தியது. நான் கேட்டேன், “அந்தப் பொண்ணு அங்க இருக்கிறது உங்களுக்கு எப்படிண்ணா தெரிஞ்சுது?”

“தெரியாது சிஸ்டர். யாருன்னா இல்லின்னு சொன்னா எனக்குப் போய்ப் பாக்கணும். அவ்ளோதான்.” சரிவுப் பக்கம் திரும்பினார். பிறகு, என்னிடம் சொல்வதுபோலவும் இல்லாமல், சொல்லத் தொடங்கினார்.

இந்தச் சாலை போட்டுக்கொண்டிருந்த காலம். அவர் ஜல்லி லாரி ஓட்டினார். பாறைக்கு வெடி வைக்கக் கோலார்ப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். ஒரு நாள் மத்தியானம், மூன்று நாள் மழையில் ஊறியிருந்த மேடு இந்த வளைவில் சரிந்து விழுந்தது. எல்லோரும் ஓடித் தப்பிவிட்டதாக மேஸ்திரி சொன்னான். இருந்தாலும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நாலைந்து பேர் கற்களுக்கு நடுவே குரல் கொடுத்துக்கொண்டு போனார்கள். இவரும் போனார்.

“யாருன்னா கீறீங்களாடான்னு கத்தினேன். ‘இல்லி’ன்னு ஒரு குரல் வந்துது. கத்தலா இல்ல சிஸ்டர். பள்ளிக்கூடத்துல பேர் கூப்ட்டா சொல்லுவாங்களே, அந்த மாதிரி. நம்ம ஆளு எவனோ அந்தாண்ட பக்கம் தேடிட்டு, யாரும் இல்லின்றான்னு நினைச்சேன். இன்னொரு வாட்டி கேட்டேன். இன்னொரு வாட்டியும் ‘இல்லி’ன்னான். நான் திரும்பி, இல்லியாம், வாங்கடா போலாம்னு எல்லாரையும் கூட்டிக்கினு போய்ட்டேன்.”

எங்கள் பக்கத்தில் ‘இல்லை’ என்று முழுசாக யார் சொல்கிறார்கள்? இல்லி, இல்லியே, இல்லியாம் என்றுதான் வாயில் வரும்.

“மூணாம் நாள் மண்ணு வாரும்போது கிடைச்சான். முந்தின நாள்தான் வேலைக்கு வந்த ஆளு. மேஸ்திரிக்கே நெனப்பில்ல. ரெண்டு கல்லுக்கு நடுவுல, உட்கார்ந்த மேனிக்கு இருந்தான். மூஞ்சி ரோட்டுப் பக்கமா இருந்துது.”

அப்போதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏழெட்டு மாதம் கழித்துக் கர்நாடகத்தில் ஒரு மண்டிக்கு லோடு கொண்டுபோனார். லாரியை எங்கே நிறுத்துவது என்று ஒருவரைக் கேட்டார். அந்த ஆள் காலால் தரையைத் தட்டிக் காட்டி, ‘இல்லி’ என்றான்.

“இங்கன்னு அர்த்தமாம், சிஸ்டர். இங்க கீறேன், இங்க கீறேன்னு ரெண்டு வாட்டி சொல்லியிருக்கான் எங்கிட்ட.”

அந்த இடத்திலேயே லாரிச் சாவியை முதலாளிக்கு அனுப்பிவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டாராம். பிறகு சுகாதாரத் துறையில் டிரைவர் வேலை காலி என்று கேள்விப்பட்டு, இதே மலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

“பாஷை தெரியாம நடந்தது. உங்க தப்பு இல்லண்ணா” என்றேன்.

“பாஷை தெரியலன்னா போய்ப் பார்த்திருக்கலாமில்ல? பத்தடி” என்றார். ஜீப்பை எடுத்தார்.

இது நடந்து இரண்டு மாதம் இருக்கும். கார்த்திகை மாதம். தடுப்பூசி போட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் திரும்பிக்கொண்டிருந்தோம். சாயங்காலம் நாலு மணிதான், ஆனால் பனி மேலிருந்து இறங்கிச் சாலையை மூடியிருந்தது. வளைவில் வண்டியை நிறுத்தி அணைத்தார். நான் ஊசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய தோள் சட்டென்று நிமிர்ந்தது.

“கேட்டுதா?”

“இல்லியேண்ணா. என்ன?”

“ஒரு நிமிசம் சிஸ்டர்.” கதவைத் திறந்து இறங்கினார். இரண்டு எட்டில் பனி அவரை மறைத்தது. உண்ணிச்செடி விலகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். கால் மணி என்றும் சொல்லலாம். நான் இறங்கிச் சாலையின் ஓரத்துக்குப் போனேன். கீழே ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாக, அசையாமல் இருந்தது.

“அண்ணா... இருக்கீங்களா?”

“இல்லி.”

ஆண் குரல். பதற்றமில்லாத குரல். கூப்பிட்டவுடனே, நான் கேட்பேன் என்று தெரிந்து வைத்திருந்தது மாதிரி வந்தது.

எனக்கு நிம்மதியாகிவிட்டது. தேடிப் பார்த்துவிட்டார், யாரும் இல்லை, ஏறி வந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். ஜீப்புக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தும்விட்டேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டேன். அப்போதுதான் பொறி தட்டியது. நான் கேட்டது, இருக்கீங்களா என்று. தமிழில் அதற்கு ஒருவர் ‘இல்லை’ என்று எப்படிப் பதில் சொல்வார்?

எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. முள் கையைக் கிழித்ததைக்கூட அடுத்த நாள்தான் பார்த்தேன். குரல் வந்த பக்கம் நேராகப் போனேன். பத்தடியும் இல்லை. இரண்டு பாறைகளுக்கு இடையில் அவர் கிடந்தார். இடது கால் இடுக்கில் சிக்கி முறுக்கிக்கொண்டிருந்தது. தலையின் பின்பக்கம் அடி. விழுந்த வேகத்தில் நாக்கைக் கடித்திருந்தார். வாய் நிறைய ரத்தம், மூச்சு அடைத்துக் களகளவென்று சத்தம். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, விரலை விட்டு வாயைச் சுத்தம் செய்தேன். இன்னும் ஐந்து நிமிடம் நான் ஜீப்பில் உட்கார்ந்திருந்தால் தன் ரத்தத்திலேயே மூழ்கியிருப்பார்.

மேலே ஓடி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். விறகு வெட்டிவிட்டு வந்த மலைக்காரர்கள் நாலு பேர் கயிறும் கம்புமாக இறங்கி அவரைத் தூக்கினார்கள். அதில் ஒருவருக்கு வண்டி ஓட்டத் தெரிந்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

வேலூர் ஆஸ்பத்திரியில் ஆறாம் நாள்தான் அவரால் பேச முடிந்தது. நாக்கில் தையல் போட்டிருந்ததால் வார்த்தை குழறியது.

“எப்டி சிஸ்டர் கண்டுபிடிச்சீங்க?”

“நீங்கதான் குரல் குடுத்தீங்களே.”

“நானா? இன்னா சொன்னேன்?”

சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“காலு வழுக்கினது தெரியும். அப்புறம் உங்க கை ஸ்பிரிட் வாசனைதான் தெரியும். நடுவுல நான் வாயைத் திறக்கல சிஸ்டர்.”

அரை மயக்கத்தில் இருப்பவர்கள் பேசுவார்கள், பேசியது அவர்களுக்கு நினைவிருக்காது; எங்கள் படிப்பில் அது உண்டு. அதைத்தான் அவரிடம் சொன்னேன். எனக்கும் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த நாக்கை நான் பார்த்தவள். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை அவ்வளவு சுத்தமாக வர முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

“ஆளு இன்னும் அங்கியேதான் கீறான்” என்றார். “அவன் குரல் குடுத்தத அவன் வூட்ல யாரும் போயி சொல்லல. மண்ணு விழுந்த உடனே செத்துட்டான்னு மேஸ்திரி காயிதம் போட்டான். ஊர் பேர் எனக்கு எட்டு வருசமாத் தெரியும்.”

கால் ஊன்ற ஆரம்பித்ததும் கிளம்பினார். தனியாகப் போக வேண்டாம் என்று நானும் போனேன். வேலூரில் காலையில் ஏறினால் சித்தூரில் தெலுங்கு, முள்பாகல் தாண்டினால் கன்னடம். மூன்று பாஷை கடந்த அந்தப் பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கோலாருக்கு அப்பால் ஓர் ஊரில் இறங்கி, ஒரு மைல் அவர் கைத்தடியோடு நடந்தார்.

சின்ன வீடு. வாசலை ஒட்டிய அறையில் மூங்கில் தட்டுகளில் பட்டுப்புழுக்கள். அவை இலை தின்னும் சத்தம், கூரையில் தூறல் விழுவதுபோல் இடைவிடாமல் கேட்டது. மண்ணில் புதைந்த அந்த மனிதனுடைய மனைவி தரையில் உட்கார்ந்து மல்பெரி இலையை அரிந்துகொண்டிருந்தாள். என் வயதைவிடப் பத்து வயது கூட இருக்கும். எங்களைப் பார்த்ததும் யார் எவர் என்று கேட்காமல், பக்கத்தில் கிடந்த பாயைத் தட்டி, “இல்லி” என்றாள். இங்கே உட்காருங்கள் என்று.

டிரைவர் உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லும் வார்த்தை அது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் நின்றபடியே சொன்னார். இந்த எட்டு வருடத்தில் தேடிக் கற்ற அரைகுறைக் கன்னடம், நடுநடுவே தெலுங்கும் தமிழும் கலந்தது. அவள் இலையை அரிந்துகொண்டே கேட்டாள். ஒரு இடத்தில் அரிவாள்மனையில் கை நின்றது. நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்டாள். எப்படிச் சொன்னான் என்று கேட்டாளாம். பிறகு அவர்தான் எனக்குச் சொன்னார்.

அவர் சொல்லிக் காட்டினார். “இல்லி.”

எட்டு வருடமாகக் காதுக்குள் வைத்திருந்த குரல். அது அவருடைய குரலாக இல்லை. புழுத் தட்டுகளுக்குப் பின்னாலிருந்த இருட்டறையில் கட்டில் முனகியது. ஒரு வயதான பெண்ணின் குரல், தூக்கத்திலிருந்து எழுந்த குரல், “பந்த்யா?” என்று கேட்டது. வந்துவிட்டாயா?

அவனுடைய தாய். மகன் செத்தது அவளுக்குச் சொல்லப்படவில்லை. தூரத்து வேலைக்குப் போயிருக்கிறான் என்றே எட்டு வருடம் ஓட்டியிருக்கிறார்கள்.

உள்ளிருந்து மறுபடியும், “பந்த்யா?”

டிரைவர் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கையைக் கூப்பினார். அவள் முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. மிகத் தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னாள். கூப்பிட்டது நீ, பதிலும் நீயே சொல் என்று சொன்னாளாம்.

அவர் உள்ளறைப் பக்கம் திரும்பினார். “பந்தே, அவ்வா” என்றார். வந்துவிட்டேன், அம்மா. தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, குனிந்து, அந்த இருட்டுக்குள் போனார்.

நாலு மணி பஸ்ஸில் நான் தனியாகத்தான் திரும்பினேன்.

மூன்று நாள் கழித்து வேலைக்கு வந்தார். அதன்பின் மாதம் ஒரு முறை போனார். போகும்போது வெற்றிலையும் ஜவ்வாது மலைப் புளியும் வாங்கிப் போவார். வந்தால் இரண்டு நாள் அவரிடம் யாரும் பேச முடியாது. மெல்ல மெல்ல அவர் பேச்சில் ஒரு இழுவை வந்தது. முன்பு பழக்கமில்லாத ஒரு சீட்டியை அடித்துக்கொண்டே வண்டி துடைப்பார். அந்த அம்மாவுக்குப் பார்வை மங்கலாம். முகத்தைத் தடவிப் பார்த்து, இளைத்துவிட்டாய் என்பாளாம். சின்ன வயதில் குளத்தில் விழுந்தது, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியது என்று ஒவ்வொரு தடவையும் ஒன்று நினைவுபடுத்துவாளாம். அதையெல்லாம் எனக்குச் சொல்லும்போது, “நான் குளத்துல வுழுந்தப்ப” என்று ஒரு முறை சொல்லிவிட்டு, அதைத் திருத்தாமலே மேலே போனார். ஒரு நாள் டாக்டர் அவரைப் பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார். பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தவர் திரும்பவே இல்லை. அத்தனை கூர்மையான காது. அந்தப் பெயரை நான் இங்கே எழுதாததற்கு அதுதான் காரணம்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. ஒரு சித்திரை மாதக் காலையில், சொல்லாமல் ஐந்து நாள் வராமலிருந்தவர் வந்து நின்றார். தலையும் மீசையும் மழித்திருந்தார்.

“என்ன டிரைவர், மொட்டை? திருப்பதியா?” என்றார் டாக்டர்.

“இல்ல சார். அம்மா தவறிட்டாங்க. மண்ணு தள்ளிட்டு வர்றேன்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இவரைப் பெற்றபோதே தாய் இறந்துவிட்டாள், செங்கத்தில் அத்தை வளர்த்தாள் என்பது எங்கள் நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் என்னைப் பார்த்தார். டிரைவர் யாரையும் பார்க்கவில்லை. வெயிலில் அவருடைய தலை, புதிதாகப் பிறந்த குழந்தையின் தலை மாதிரி வெளிறியிருந்தது.

“ஆமா சார்” என்றேன். “நான் அவங்க வூட்டுக்குப் போயிருக்கேன்.”

டாக்டர் விடுப்புத் தாளை எடுத்து, பதினாறாம் நாள் வரைக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.